பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும்
(பழைய மோட்டார் வண்டி பற்றிய ஓர் அறவியல் நோக்கு)

பொருள்கள் காலத்தால் தேய்கின்றன. தேய்ந்த உறுப்பை மனிதன் கழற்றிவிட்டு வேறோர் உறுப்பைப் பொருத்துகின்றான். பொருத்திய பின்னரும் அப்பொருளைப் பழைய பெயராலேயே அழைக்கின்றான். அன்றாட வாழ்வில் எவரும் ஐயுறாத இச்செயலினுள்ளே மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று அடங்கிக் கிடக்கின்றது. எல்லா உறுப்புகளும் மாறிய பின்னர் அது அதே பொருள்தானா என்பது அவ்வினா. அதனோடு ஒட்டிப் பிறக்கும் இன்னொரு வினாவும் உண்டு. பழைய பொருளொன்றைத் தன் கையில் வைத்திருப்பவன் அதனை முன்னர் வைத்திருந்தவர்களுக்கும், இனிக் காணப்போகின்றவர்களுக்கும் எவ்வகைக் கடமை உடையவன்? முன்னைய வினா உள்பொருளியலைச் சார்ந்தது; பின்னையது அறவியலைச் சார்ந்தது. இவ்விரண்டையும் மோட்டார் வண்டியை எடுத்துக்காட்டாகவும், யாழ்ப்பாணத் தீவகத்தின் அனுபவத்தை உரைகல்லாகவும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க ஆசிரியரான புளூற்றாக் ஒரு கப்பலைப் பற்றிக் கூறுகின்றார். வீரன் தீசியஸ் சென்று மீண்ட கப்பலை ஏதென்ஸ் மக்கள் நெடுங்காலம் பேணினர். உக்கிய பலகைகளை அகற்றிப் புதியனவற்றைப் பொருத்திக்கொண்டே வந்தனர். ஈற்றில் அது அதே கப்பல் என்று ஒரு சாராரும், அன்று என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இவ்வாதத்துக்கு மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். அகற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டு முன்னிருந்த ஒழுங்கிலேயே இரண்டாவது கப்பலொன்றைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று அவர் வினவினார்.

கீழைத்தேயத்திலும் இவ்வினா புதியதன்று. மிலிந்த மன்னனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்த துறவிக்கும் நிகழ்ந்ததாகக் கூறப்படும் உரையாடலில் தேரே எடுத்துக்காட்டாகின்றது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாக வினவ, மன்னன் ஒவ்வொன்றையும் மறுக்கின்றான். உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது வழங்கும் பெயரே தேர் என்பது அங்கு பெறப்படும் முடிவு. இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் முதற்சாமத்தில் இருந்த அதே சுடருமன்று, முற்றிலும் வேறான சுடருமன்று என்பதும் அதே நூலில் வரும் விளக்கமாகும். இச்சிந்தனை மரபு தீவகத்துக்கு அந்நியமானதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்ளும் ஆய்வாளர் பலர். அத்தீவிலுள்ள பீடிகையைக் கண்டபோதே மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கின்றாள். உடல் முற்றாக மாறிவிட்டது, பெயரும் மாறிவிட்டது, எனினும் இலக்குமியாக இருந்தவள் எவளோ அவளே தான் என்று அவள் அறிகின்றாள். பொருளால் அன்றித் தொடர்ச்சியால் ஒன்றாதல் என்னும் கருத்து இங்கு காவியவடிவம் பெறுகின்றது எனலாம்.

இனி மோட்டார் வண்டியை நோக்குவோம். 1907 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றோல்ஸ் றோய்ஸ் நிறுவனம் தனது 40/50 குதிரைவலு வகையைச் சேர்ந்த அடிச்சட்டம் ஒன்றின்மீது, பார்க்கர் என்னும் வண்டிக்கூடு அமைப்போரைக் கொண்டு திறந்த கூடொன்றை அமைப்பித்தது. அடிச்சட்டத்தின் இலக்கம் 60551; வண்டியின் பதிவெண் ஏ. எக்ஸ். 201. நிறுவனத்தின் முகாமையாளராக இருந்த குளோட் ஜோன்சன் அதற்கு வெள்ளிநிறப் பூச்சும் வெள்ளி முலாமிட்ட பொருத்துகளும் அளித்து, ‘சில்வர் கோஸ்ற்’ எனப் பெயரிட்டார். ஓசையின்றி ஓடுவதால் ‘வெள்ளி ஆவி’ என்பது பொருத்தமான பெயராயிற்று. அவ்வாண்டிலேயே றோயல் தானியங்கிக் கழகத்தின் மேற்பார்வையில் அது 15,000 மைல் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. ஓட்டம் முடிந்ததும் வண்டியை உறுப்புறுப்பாகக் கழற்றி, அதனை மீண்டும் புத்தம்புதிய நிலைக்குக் கொண்டுவர என்ன செலவாகும் என்று கணக்கிட்டனர். இரண்டு பவுணுக்குச் சற்று மேற்பட்ட தொகையே போதுமானதாயிருந்தது. 1908 இல் வண்டி தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளின் பின், 1948 இல், அது மீண்டும் நிறுவனத்தின் கைக்கு வந்து, புகழ்மிக்க காட்சிப்பொருளாயிற்று.

இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் ஊன்றி நோக்கற்பாலது. 1907 இல் ‘புதிய நிலை’ என்பது ஓடுவதற்கான தகுதியையே குறித்தது. தேய்ந்த உறுப்பை மாற்றுவது மேலும் ஓடுவதற்காகவே. 1948 இன் பின் அதே சொல் வேறு பொருள் பெற்றது. வண்டி இப்போது தன் தொடக்க நாளைப் போலத் தோன்றவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது. முன்னையது பழுதுபார்த்தல், பின்னையது புதுப்பித்தல். முன்னையதில் முகம் எதிர்காலத்தை நோக்கியுள்ளது. பின்னையதில் முகம் பின்னோக்கித் திரும்பிவிடுகின்றது. பெயரின் போக்கும் சுவையானது. 1925 இல் ‘பாண்டம்’ என்னும் புதிய வகை வெளிவந்த பின்னர், ஒரேயொரு வண்டிக்கு இடப்பட்ட சில்வர் கோஸ்ற் என்னும் பெயர் அவ்வகையில் செய்யப்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் பொதுவாயிற்று. தனிப்பொருளின் பெயர் இனப்பெயராகியமையால், ‘மூல வண்டி’ எது என்பதைப் பிரித்துணர்த்த அடிச்சட்ட இலக்கமே துணையாக எஞ்சியது.

அக்காலத்து ஆடம்பர வண்டிகளில் இவ்விலக்கம் பெரும் பொறுப்பைச் சுமக்கின்றது. செல்வர்கள் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் ஓரிடத்தில் வாங்கி, கூட்டை வேறோரிடத்தில் செய்வித்தனர். ஒரே அடிச்சட்டம் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று கூடுகளை ஏற்பதுண்டு. முதலாம் உலகப் போரில் இவ்வடிச்சட்டங்கள் சில கவச வண்டிகளாயின. சமாதான காலத்தில் பழைய உல்லாச வண்டிகள் சில பிணவண்டிகளாகவும் சுமை வண்டிகளாகவும் தேய்ந்தன. பிற்காலத்தில் அவற்றைக் கண்டெடுத்தோர் பிணவண்டிக் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய படங்களைப் பார்த்துப் புதிதாகச் செய்த உல்லாசக் கூட்டைப் பொருத்தினர். அவ்வாறு செய்யும்போது மெய்யாக நிகழ்ந்த வாழ்வொன்று அகற்றப்பட்டு, நிகழ்ந்திருக்கவேண்டும் என விரும்பப்பட்ட வாழ்வொன்று அதனிடத்தில் அமர்த்தப்படுகின்றது.

இவ்வினா 1990 இல் இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கே சென்றது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லு மான் ஓட்டப்போட்டியில் வெற்றியீட்டிய ‘ஓல்ட் நம்பர் வண்’ என்னும் பென்ற்லி வண்டியே வழக்கின் பொருள். அது பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. 1932 இல் வேறு இயந்திரம் பொருத்தப்பட்ட நிலையில் புறூக்லண்ட்ஸ் ஓட்டத்தடத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவரின் உயிரையும் கொண்டது. பின்னர் மூடிய கூடுடைய வண்டியாகத் திருத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடி பவுணுக்கு அதனை வாங்க உடன்பட்ட நிறுவனம், இது பழைய வண்டியே அன்று எனக் கூறிப் பின்வாங்கியது. வெற்றியீட்டிய காலத்து உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது உண்மை. எனினும் அவ்வண்டி எக்காலத்தும் அற்றுப்போகவில்லை; அதன் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து நிகழ்ந்தன; அப்பெயருக்கு உரிமைகோரத்தக்க வேறு வண்டி உலகில் இல்லை. ஆதலின் இதுவே அது என்று நீதிமன்றம் தீர்த்தது. புளூற்றாக் விட்டுச்சென்ற வாதத்தைச் சட்டம் தொடர்ச்சியின் பக்கம் நின்று முடித்தது.

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று நிலைப்பாடுகளை வகுக்கலாம். பொருளின் மூலச் சடப்பகுதியே அதன் உண்மை என்பது ஒன்று. அமைப்பும் வடிவமுமே உண்மை, உலோகம் மாறலாம் என்பது இரண்டாவது. அறாத வரலாற்றுத் தொடர்ச்சியே உண்மை என்பது மூன்றாவது. முதலாவது நிலைப்பாட்டை முற்றாக ஏற்றால், ஓடும் வண்டி எதுவும் தன் பெயருக்கு உரியதாக நீடிக்க இயலாது. ஓடுவது தேய்வது, தேய்வது மாறுவது. இரண்டாவதை ஏற்றால், பழைய வரைபடத்தைக் கொண்டு நேற்றுச் செய்த போலியும் உண்மையாகிவிடும். மூன்றாவதே ஒப்பீட்டளவில் உறுதியானது. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. தொடர்ச்சியே உண்மை எனின், அத்தொடர்ச்சியின் எந்தக் கண்ணியையும் இல்லாததாகக் காட்டுவது அவ்வுண்மைக்கே ஊறு விளைக்கும். உள்பொருளியல் வினா அறவியல் வினாவாக மாறும் இடம் இதுவே.

தீவகத்தின் அனுபவம் இவ்விடத்தில் துணைபுரிகின்றது. ஊர்காவற்றுறை பாய்க்கப்பற் காலத்தில் பெயர்பெற்ற துறையாக விளங்கியது. மரக்கலத்தைப் பேணுவோர்க்குத் தீசியஸின் கப்பல் ஒரு புதிராகத் தோன்றியிராது. உக்கிய பலகையை மாற்றுவதும் இடைவெளிகளைக் கலப்பற்றிட்டு அடைப்பதும் கலத்தை அழிக்கும் செயல்களல்ல. அவையே கலத்தைக் கலமாக வைத்திருக்கும் செயல்கள். பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் மோட்டார் வண்டிகள் வந்தபோது அவையும் இம்மனப்பாங்கினுள்ளேயே வந்து சேர்ந்தன. உவர்க்காற்று தகட்டைத் தின்றது; தின்ற பகுதியை வெட்டி வேறு தகட்டைப் பற்றவைத்தனர். இங்கு ஓடியவை வெள்ளி முலாமிட்ட உல்லாச வண்டிகளல்ல. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற எளிய ஆங்கில வண்டிகளே யாழ்ப்பாணத்து வீதிகளில் பெருவழக்காயின. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் பத்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட வண்டி. அருமைப்பாடு அதற்கு இயல்பாக இல்லை. அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் இறக்குமதி இறுகியது. 1977 இன் பொருளாதார மாற்றம் வரை அந்நிலை நீடித்தது. அக்காலத்தில் ஒரு வண்டியைக் கைவிடுவது எளிதாக இருக்கவில்லை. அதனால் சாதாரண வண்டிகள் அசாதாரணமான ஆயுளைப் பெற்றன.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது இவ்வண்டிகள் இன்னொரு சோதனைக்கு உள்ளாயின. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் அருமையாகக் கிடைத்த சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் இவ்வெரிபொருளை ஓரளவு பொறுத்தன. காலத்தால் பின்தங்கியிருந்தமையே அவற்றுக்குப் பலமாயிற்று. ஆயினும் புகையும் கரியும் மிகுந்தன. எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. இவற்றுக்கெல்லாம் பட்டறைகளில் வழி கண்டனர். நோயாளரையும் கருப்பவதிகளையும் மருத்துவமனைக்குச் சேர்த்த வண்டிகள் இவை. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்களின் பெரும்பகுதியினர் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி, வாதத்தின் பொருட்டு ஒரு மொறிஸ் மைனரைக் கற்பனை செய்துகொள்ளலாம். 1950களில் வேலணையைச் சேர்ந்த புகையிலை வணிகர் ஒருவர் அதனை வாங்குகின்றார். இருபது ஆண்டுகளின் பின் அது ஊர்காவற்றுறையில் வாடகைக் காராகின்றது. 1990 இல் ஒரு குடும்பத்தையும் அதன் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு குடாநாட்டுக்குச் செல்கின்றது. ஐந்து ஆண்டுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றது. கதவொன்று வேறொரு வண்டியிலிருந்து வந்தது. எரிபொருட் குழாய் கையால் வளைத்துப் பொருத்தப்பட்டது. கூரையில் சிறு துளையொன்று ஈயத்தால் அடைக்கப்பட்டிருக்கின்றது. போர் ஓய்ந்த பின், வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் அதனை வாங்கி, பெருஞ்செலவில் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளை வரவழைத்து, 1950களில் தொழிற்சாலையிலிருந்து வந்தது போலவே ஆக்குகின்றார். கையால் வளைத்த குழாய் குப்பைக்குச் செல்கின்றது. கூரைத் துளை மறைகின்றது. வண்டி அழகாக இருக்கின்றது. அவர் தவறு செய்தாரா?

அவர் வண்டியின் உண்மையை மீட்டார் என ஒருவர் கூறலாம். ஆனால் எவருடைய உண்மையை? அவர் மீட்டது தொழிற்சாலையின் ஒரு நாளை. அகற்றியது நாற்பது ஆண்டுகளை. தொழிற்சாலையின் நாள் பத்து இலட்சம் வண்டிகளுக்கும் பொதுவானது. அகற்றப்பட்ட ஆண்டுகளோ இவ்வொரு வண்டிக்கு மட்டுமே உரியவை. அவ்வாறெனின், அருமையானதை எறிந்துவிட்டு எங்கும் கிடைப்பதைப் பெருவிலை கொடுத்து வாங்கியவராகின்றார். இவ்வுணர்வு இன்று உலகளாவிய நெறிகளிலும் இடம்பெற்றுள்ளது. நினைவுச் சின்னங்களைப் பேணுதல் பற்றிய 1964 இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிடவேண்டும் என்றும், எல்லாக் காலத்துச் சேர்க்கைகளும் மதிக்கப்படவேண்டும் என்றும் வற்புறுத்தியது. பழைய வாகனங்களுக்கென 2012 இல் ஏற்கப்பட்ட தூரின் சாசனமும், வண்டி தன் வாழ்நாளில் ஏற்ற மாற்றங்களை அதன் வரலாற்றின் பகுதியாகவே கொள்கின்றது.

எனினும் மறுதரப்பின் நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. மண்ணெண்ணெய்க் குழாயை எவரும் விரும்பிப் பொருத்தவில்லை. அது இல்லாமையின் அடையாளம். இல்லாமையை அழகென்று போற்றுவது அதனை அனுபவியாதோரின் ஆடம்பரமாகிவிடக்கூடும். துன்பத்தின் வடுக்களைத் தினமும் காணவேண்டும் என்று, அத்துன்பத்தை அனுபவித்தவரிடம் கோரும் உரிமை எவருக்கு உண்டு? நெடுந்தீவு மக்களின் கடற்பயணத்துக்குப் பயன்பட்ட குமுதினிப் படகு இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. 1985 மே 15 அன்று அப்படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டு, அதிற் சென்ற பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் அது செப்பனிடப்பட்டு மீண்டும் சேவையில் ஈடுபடுத்தப்பட்டது. அதன்பின்னும் பல ஆண்டுகள் அதே கடலில் மக்களை ஏற்றிச்சென்றது. இரத்தக் கறையைக் கழுவியது வரலாற்றை மறைத்தது ஆகுமா? ஆகாது. நெடுந்தீவாருக்கு நோயாளியைக் கரைசேர்க்கப் படகு தேவை. ஆண்டுதோறும் அந்நாளை நினைவுகூரும் மக்கள், நினைவைப் பலகையில் அன்றித் தம்மிடையே வைத்துப் பேணினர்.

இவ்வெடுத்துக்காட்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றது. பயன்பாட்டில் உள்ள பொருளைச் செப்பனிடுவோன் எவருக்கும் விளக்கங்கூறக் கடமைப்பட்டவனல்லன். தொடர்ந்து பயன்படுவதே அப்பொருளின் வரலாற்றை முன்கொண்டு செல்கின்றது. ஆலயத் திருப்பணி மரபும் இதனையே காட்டுகின்றது. பாலஸ்தாபனம் செய்து, பழைய கட்டடத்தை மாற்றி, குடமுழுக்காட்டிய பின்னர், இது வேறு கோயில் என்று அடியார் எவரும் கூறுவதில்லை. வழிபாடு அறாமையே கோயிலின் ஒருமையைக் காக்கின்றது. ஆனால் பயன்பாட்டிலிருந்து எடுத்துக் காட்சிக்கு வைக்கப்படும் பொருளின் நிலை வேறு. அது இனிமேல் மனிதரை ஏற்றப்போவதில்லை, செய்தியையே ஏற்கப்போகின்றது. செய்தியை ஏற்கும் பொருள் பொய் கூறாதிருத்தல் வேண்டும். படகைக் கழுவியவர்களுக்கு உள்ள விடுதலை, உல்லாசத்துக்காகக் காரை மினுக்குபவருக்கு அதே அளவில் இல்லாமை இதனாலேயாம்.

இவ்வினா வண்டிகளோடு முடிவதன்று. 1981 யூன் முதலாந் திகதி எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை மீளக்கட்டும் முயற்சியின்போதும் இதே முரண்பாடு எழுந்தது. எரிந்த சுவர்களை அவ்வாறே நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்றனர் சிலர்; பிள்ளைகள் படிப்பதற்கு நூலகம் வேண்டும் என்றனர் வேறு சிலர். கட்டடம் பழைய தோற்றத்திலேயே வெண்மையாக எழுந்தது. அங்கு அமர்ந்து படிக்கும் மாணவனுக்கு அது நன்மையே. ஆயினும் அவ்வெண்மை எதன்மீது பூசப்பட்டது என்பதை அவன் அறியாதிருப்பின், அந்நன்மையில் ஒரு குறை உண்டு.

ஆகவே புதுப்பிப்பவனின் கடமை யாது என்பதற்கு ஒரு விடை கூறலாம். மாற்றக்கூடாது என்பதன்று அக்கடமை. மாற்றியதை மறைக்கக்கூடாது என்பதே. கற்பனையிற் கண்ட மொறிஸ் மைனரின் உரிமையாளர் தம் வண்டியை அழகாக்கலாம். ஆனால் கையால் வளைத்த குழாயை எறியாது வைத்திருக்கவேண்டும். எந்தக் கதவு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு எந்த எரிபொருளில் ஓடியது, அதனை ஓட்டியவரும் திருத்தியவரும் யாவர் என்பவற்றை, அறிந்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கவேண்டும். சில்வர் கோஸ்ற்றின் ஒவ்வொரு மைலுக்கும் கணக்கு எழுத ஒரு கழகம் இருந்தது. பென்ற்லி வண்டியின் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆராய ஒரு நீதிமன்றம் இருந்தது. தீவகத்து வண்டிகளுக்கு அவ்வாறான கணக்கர் எவரும் இருந்திலர். அவற்றைத் திருத்திய கைகளின் நினைவே அவற்றின் ஏடு. அக்கைகளும் முதுமையடைந்து மறைந்துகொண்டிருக்கின்றன.

உரிமை என்பது பொருளை ஆளும் அதிகாரம் மட்டுமன்று. அதனைப் பெற்ற நிலையையும் விட்டுச்செல்லும் நிலையையும் இணைக்கும் ஒரு பொறுப்புமாகும். நாகசேனர் கூறிய சுடரைப் போல, பழைய வண்டி அதுவுமன்று, வேறுமன்று. அதனை ஒன்றாகத் தொடரச் செய்வது உலோகமன்று, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய பேணுதலே. அப்பேணுதலைச் செய்தவர்களின் தடத்தை அழித்துவிட்டு அவர்கள் பேணிய பொருளை மட்டும் மினுக்கிவைப்பது நன்றிகோறலாகும்.